காக்கைத் தீவில் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டியுள்ள வினெட்கா என்னும் சிற்றூரில் 1940ஆம் ஆண்டு திறக்கப்பட்ட குரோ ஐலண்ட் தொடக்கப்பள்ளி, முதற்பார்வையில் எவரையும் மலைக்கவைக்கும் கட்டடம் அன்று. தாழ்ந்து படர்ந்த சுவர்கள், தட்டையான கூரை, இளஞ்சிவப்புச் சாயலுடைய சாதாரணச் செங்கல், நடுவில் நில்லாமல் சற்றே ஒதுங்கி எழும் ஒரு கடிகாரக் கோபுரம் என்பவற்றுக்கு அப்பால் தெருவில் நின்று பார்ப்பவருக்குத் தெரிவது மரங்கள்தாம். ஆயினும், தொடக்கப்பள்ளி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று உலகம் கொண்டிருந்த எண்ணத்தை மாற்றிய கட்டடங்களைப் பட்டியலிடும் கட்டடக்கலை வரலாற்று நூல்கள் இதனை விட்டுவிடுவதில்லை. 'குரோ ஐலண்ட்' என்னும் பெயருக்குக் காக்கைத் தீவு என்று பொருள். நீர் சூழ்ந்த தீவு எதுவும் அங்கில்லை, சதுப்பு நிலத்தின் நடுவே மரமடர்ந்து மேடாக நின்று காக்கைகள் வந்தடைந்த ஒரு திட்டுக்கு ஊரார் வழங்கிய பெயரே அருகில் எழுந்த பள்ளிக்கும் ஆயிற்று.

அமெரிக்க வழக்கில் 'பொதுப்பள்ளி' என்பது, அந்தந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுக்கும் கல்விக் குழுவின் பொறுப்பில், பெரும்பகுதி அவ்வூர்ச் சொத்து வரியைக் கொண்டு, கட்டணமின்றி நடத்தப்படும் பள்ளியைக் குறிக்கும். வரிப்பணத்தை நம்பிய இந்த அமைப்பு, 1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்ததைத் தொடர்ந்து வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் நிலைகுலைந்தது. 1933ஆம் ஆண்டளவில் உழைப்பாளரில் நால்வருக்கு ஒருவர் வேலையிழந்திருந்த நிலையில், வீட்டுக்கும் நிலத்துக்கும் வரி கட்ட மக்களால் இயலவில்லை. வரி வராதபோது பள்ளிகளில் சம்பளமும் வரவில்லை. வினெட்காவிலிருந்து தொடர்வண்டியில் விரைவில் சென்றடையக்கூடிய சிகாகோவில், ஆசிரியர்களுக்குப் பணத்துக்குப் பதிலாகப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம் என்ற உறுதிச்சீட்டுகள் வழங்கப்பட்டன. பல மாதச் சம்பள நிலுவையைப் பொறுக்க முடியாமல் 1933 ஏப்ரலில் ஆசிரியர்கள் நகரின் வங்கிகளுக்குள் திரண்டு புகுந்து போராடினர். இருக்கும் பள்ளிகளை நடத்துவதே அரிதாகிவிட்ட அந்த ஆண்டுகளில், புதிய பள்ளிக் கட்டடம் எழுவது ஏறத்தாழ நின்றே போயிற்று.

அந்த வேலையை மீண்டும் தொடங்கிவைத்தது கூட்டாட்சி அரசு. பிராங்ளின் ரூசவெல்ட் குடியரசுத் தலைவரான சில மாதங்களில், 1933 ஜூனில், பொதுப்பணிகளுக்கென்று ஓர் அமைப்பு நிறுவப்பட்டு 330 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஊராட்சிகளும் கல்விக் குழுக்களும் கட்டும் கட்டடங்களின் செலவில் ஒரு பங்கை மானியமாகவும் மற்றதைக் கடனாகவும் அது வழங்கியது. அந்த அமைப்புக்குத் தலைமை தாங்கிய உள்துறைச் செயலர் ஹெரால்டு இக்கீஸ், வாசிங்டனுக்குப் போவதற்கு முன் வினெட்காவில் வாழ்ந்தவர் என்பது இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்க செய்தி. 1933க்கும் 1939க்கும் இடையில் அந்நாட்டில் புதிதாக எழுந்த கல்விக் கட்டடங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு அந்த அமைப்பின் உதவியைப் பெற்றவை என்று கணக்கிடப்படுகிறது. அவற்றுள் பல, நடுவில் உயர்ந்த வாயிலும் இருபுறமும் சமச்சீராக நீளும் சிறகுகளும் அகன்ற படிக்கட்டும் கொண்டு, நீதிமன்றத்தையோ நகரமன்றத்தையோ ஒத்த கம்பீரத்துடன் நின்றன. வறுமை சூழ்ந்த ஓர் ஊருக்கு அத்தகைய கட்டடம் அளித்த தெம்பைக் குறைத்து மதிப்பிடுவது சரியன்று. எனினும், அது தெருவில் நின்று நிமிர்ந்து பார்க்கும் பெரியவர்களை நோக்கிப் பேசிய கட்டடமே தவிர, ஆறு வயதில் அதற்குள் நுழையும் பிள்ளையை நோக்கிப் பேசியதன்று.

அக்கட்டடங்களின் உட்புறமும் அதே பழைய முறையில்தான் அமைந்தது. இரண்டு அல்லது மூன்று தளங்கள், நடுவே நீண்ட நடைவழி, அதன் இரு பக்கமும் ஒரே அளவிலான செவ்வக வகுப்பறைகள். வலக்கையால் எழுதும் பிள்ளையின் கைநிழல் தாளில் விழாதபடி எல்லா வகுப்பிலும் இடப்பக்கம் மட்டுமே சன்னல். அந்த ஒருபக்க வெளிச்சம் அறையின் மறுகோடிவரை எட்டுவதற்காக 12 அடி உயரத்தில் கூரை. தரையில் திருகாணியால் பொருத்தப்பட்டு வரிசை மாறாமல் நிற்கும் மேசைகள். ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்பதே கல்வி என்று கொண்டால் இந்த அமைப்பில் குறை காண இடமில்லை. ஆனால் அடுக்கு மாடியும் குறுகிய வாயிலும் சேர்ந்தபோது நேர்ந்த பேரிடர்கள் அந்நாட்டின் நினைவில் இருந்தன: 1908 மார்ச்சில் கிளீவ்லாந்து நகரை அடுத்த காலின்வுட் என்னும் இடத்தில் பள்ளி தீப்பிடித்தபோது, வெளியேறும் வழியில் ஒருவர்மேல் ஒருவர் நெருக்குண்டு 172 குழந்தைகள் மாண்டனர். பின்னர் 1933 மார்ச் 10ஆம் நாள் மாலை கலிபோர்னியாவின் லாங் பீச் நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில், இரும்புக்கம்பி வலுவூட்டல் இல்லாத செங்கற் பள்ளிகள் பல இடிந்து விழுந்தன. வகுப்புகள் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பியிருந்த காரணத்தாலேயே பெருஞ்சாவு தவிர்ந்தது. ஒரே மாதத்தில், ஏப்ரல் 10ஆம் நாள், பள்ளிக் கட்டடங்களின் வரைபடங்களை மாநில அரசு சோதித்து ஒப்புதல் அளிக்க வேண்டும் என்ற பீல்டு சட்டத்தைக் கலிபோர்னியா நிறைவேற்றியது.

அந்த இடிபாடுகளுக்குப் பின்னர் ஒற்றைத் தளப் பள்ளி என்ற எண்ணம் வலுப்பெற்றது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கட்டடக் கலைஞர் ரிச்சர்டு நாய்ட்ரா, 1935இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே கொரோனா அவென்யூ பள்ளிக்காக வடிவமைத்த வகுப்பறைகளில், ஒரு பக்கச் சுவர் முழுவதையும் நகர்த்தித் திறக்கும் கண்ணாடியாக்கி, வகுப்பைத் தோட்டத்தோடு இணைத்தார். காக்கைத் தீவுப் பள்ளி வெற்றிடத்தில் தோன்றியதன்று என்பதற்கு இது சான்று. ஆனால் கலிபோர்னியாவின் இளவெயிலில் எளிதான ஒன்றை, ஏரிக்காற்றும் பனியும் வாட்டும் சிகாகோ நிலப்பகுதியில் செய்வதற்குத் துணிவு மட்டும் போதாது, பள்ளியில் என்ன நடக்கிறது என்பது பற்றிய தெளிவும் தேவைப்பட்டது. அந்தத் தெளிவு வினெட்காவில் இருபது ஆண்டுகளாகத் திரண்டு வந்தது.

அதற்குக் காரணமானவர் கார்ல்டன் வாஷ்பர்ன். 1919இல், முப்பது வயதை எட்டும் பருவத்தில், அவ்வூர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்று 1943வரை அப்பணியில் இருந்தவர். கண்காணிப்பாளர் என்பது ஓர் ஊரின் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் நிர்வகிக்கும் தலைமைக் கல்வி அலுவலரின் பதவி. வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் ஒரே கணக்கைக் கற்றாக வேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றை ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென அமைந்த பயிற்சி ஏடுகளின் துணையுடன், தன் விடையைத் தானே சரிபார்த்து, தன் வேகத்தில் முன்னேறிக் கற்க, பள்ளி நாளின் மற்றொரு பகுதி நாடகம், ஓவியம், கைத்தொழில், கூட்டு ஆய்வு எனப் பலரும் சேர்ந்து செய்யும் பணிகளுக்கு ஒதுக்கப்பட்டது. 'வினெட்கா திட்டம்' என்று கல்வியியல் நூல்களில் இடம்பெற்ற முறை இதுவே. இம்முறையில் ஒரே வேளையில் ஒரு பிள்ளை தனியே கணக்குப் போடும், இன்னொன்று களிமண் பிசையும், நால்வர் கூடி நாடகத்துக்கு அட்டைக் கோட்டை கட்டுவர். தரையோடு இறுக்கப்பட்ட மேசைகளுக்கு இங்கே வேலையில்லை. ஆகவே புதிய தொடக்கப்பள்ளி கட்டும் வாய்ப்பு வந்தபோது, தம் முறைக்கு உரிய உறை ஒன்றைத் தைத்துக்கொள்ளும் வாய்ப்பாகவே வாஷ்பர்ன் அதனைக் கண்டார்.

அந்தப் பணியை நாடி வந்தவர்கள் மூன்று இளைஞர்கள். லாரன்ஸ் பெர்க்கின்ஸ், டாட் வீலர், பிலிப் வில் ஆகிய மூவரும் 1935இல், கட்டடம் கட்டுவோரே அருகிப்போன மந்தக் காலத்தில், சிகாகோவில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தைத் தொடங்கியவர்கள். பெர்க்கின்ஸின் தந்தை டுவைட் பெர்க்கின்ஸ், சிகாகோ கல்வித்துறையின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்து கார்ல் ஷூர்ஸ் உயர்நிலைப்பள்ளி போன்ற புகழ்பெற்ற பள்ளிகளை வடிவமைத்தவர். ஆயினும் மகனின் நிறுவனத்துக்குக் காட்டக்கூடிய பெரிய பணி எதுவும் அதுவரை இல்லை. பெயர் பெற்ற மூத்த கலைஞர் ஒருவர் துணைநிற்க வேண்டும் என்று வினெட்காவினர் விரும்பியதால், மிச்சிகன் மாநிலத்துக் கிரான்புரூக் கலைக்கழகத்தில் இருந்த எலியல் சாரினனை அவர்கள் நாடினர். பின்லாந்தில் பிறந்து, ஹெல்சிங்கி தொடர்வண்டி நிலையத்தை வடிவமைத்து, 1922இல் சிகாகோ டிரிபியூன் நாளிதழின் கோபுரக் கட்டடத்துக்கான போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றபின் அமெரிக்காவில் குடியேறிய அவர், கிரான்புரூக்கில் ஆண்களுக்கும் பெண்களுக்குமான பள்ளிகளை முன்பே கட்டியிருந்தார். அவருடன் மகன் ஈரோ சாரினனும் இப்பணியில் சேர்ந்தார்; பிற்காலத்தில் செயின்ட் லூயி நகரின் மாபெரும் வளைவை வடிவமைத்தவர் இவரே.

வரைபடம் தீட்டுவதற்கு முன் நடந்ததுதான் இப்பள்ளியின் வரலாற்றில் மிக முதன்மையானது. லாரன்ஸ் பெர்க்கின்ஸ் வினெட்காவின் பழைய பள்ளிகளுக்குச் சென்று வகுப்புகளில் அமர்ந்து, பிள்ளைகள் எங்கே நிற்கின்றனர், எதை எடுக்க எழுகின்றனர், ஆசிரியர் எப்போது தரையில் அமர்கிறார், ஈரக் காலணியும் குளிர்ச்சட்டையும் எங்கே குவிகின்றன என்பவற்றைப் பொறுமையாகக் கவனித்தார். ஆசிரியர்களோடு மட்டுமன்றி, துப்புரவும் பராமரிப்பும் செய்யும் பணியாளர்களோடும் வடிவமைப்பாளர்கள் பேசினர். பள்ளிகளில் கலை, நாடகம் முதலிய கூட்டுப் பணிகளுக்குப் பொறுப்பாயிருந்த பிரான்சிஸ் பிரெஸ்லர், கட்டடக் கலைஞர்களுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், அந்தக் கட்டடம் குழந்தைகளுக்கு எத்தகைய உணர்வைத் தர வேண்டும் என்பதை விளக்கினார். அறைகளின் எண்ணிக்கையையும் பரப்பளவையும் விட, மகிழ்ச்சி, பாதுகாப்பு, எளிமை ஆகியவையே அக்கடிதத்தின் பொருள். கட்டடத் துறையில் ஓர் ஆசிரியையின் சொல் ஒப்பந்த ஆவணங்களுக்கு இணையான இடத்தைப் பெற்ற நிகழ்ச்சிகள் மிகச் சில, அவற்றுள் இது ஒன்று.

அக்கடிதத்திற்கு மறுமொழியாக அமைந்தது வகுப்பறை. தமிழ் எழுத்துகளில் 'ட' எப்படி வளைகிறதோ அப்படி வளைந்த அமைப்புடைய ஒவ்வொரு வகுப்பறையிலும், பெரிய பகுதி பொது வகுப்புக்கும், சிறிய பகுதி கைவேலைக்கும் உரியது. கைவேலைப் பகுதியில் தண்ணீர்த் தொட்டியும் வேலை மேடையும் உண்டு. அவ்வகுப்புக்கே உரிய கழிப்பறையும் அடுத்தே உண்டு. ஆறு வயதுப் பிள்ளை கழிப்பறைக்குச் செல்ல ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, நீண்ட நடைவழியில் தனியே நடந்து போய்த் திரும்பும் அச்சத்தை இந்த ஒரே ஏற்பாடு நீக்கிவிட்டது. இதைச் சிறிய வசதி என்று கருதுவோர், பள்ளிக்குச் செல்லும் சிறு பிள்ளைகளின் நாள் எத்தகைய தயக்கங்களால் நிறைந்தது என்பதை மறந்தவர்கள். இரண்டு சுவர்களில் அகன்ற சன்னல்கள் வழியே வெளிச்சம் வருவதால் பழைய 12 அடி உயரக் கூரை தேவையற்றுப் போயிற்று. 9 அடி உயரத்தில் அமைந்த கூரை, ஒலியை உறிஞ்சும் பூச்சினால், நாற்புறமும் நடக்கும் வேலைகளின் இரைச்சலையும் தணித்தது. உயரம் குறைந்தபோது அறை அலுவலகத் தன்மையை இழந்து வீட்டின் தன்மையைப் பெற்றது. சன்னலை ஒட்டி அமைந்த திண்ணை போன்ற இருக்கையில் ஒரு பிள்ளை புத்தகத்தோடு ஒதுங்கி அமரலாம்.

ஒவ்வொரு வகுப்பறையிலிருந்தும் நேரே வெளியே செல்ல ஒரு கதவு உண்டு. அது திறப்பது அவ்வகுப்புக்கே உரிய சிறு முற்றத்தில். செடி நடுதல், வெயிலில் அமர்ந்து படித்தல், வரைதல் எனப் பாடம் அங்கும் தொடர்ந்தது. காலின்வுட்டைப் போல ஒரே வாயிலில் எல்லாரும் நெருக்குண்டு நிற்கும் நிலைக்கு இங்கே இடமே இல்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். தோட்டத்தின் அழகுக்கும் தீயிலிருந்து தப்பும் வழிக்கும் ஒரே கதவு பயன்பட்டது.

பள்ளியின் மொத்த அமைப்பிலும் இதே கருத்து விரிந்தது. நடுவில் அரங்கம், நூலகம் போன்ற பொது இடங்களை வைத்து, அங்கிருந்து விரல்கள் பிரிவதுபோல் வகுப்பறைச் சிறகுகள் நீள்கின்றன. மழலையர், இளைய வகுப்பினர், மூத்த வகுப்பினர் என வயதுக்கேற்பச் சிறகும் விளையாட்டிடமும் பிரிந்திருப்பதால், பெரிய பிள்ளைகளின் ஓட்டத்தில் சிறியவர்கள் மிதிபடுவதில்லை. கதவின் கைப்பிடியும் விளக்கின் விசையும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் பொருத்தப்பட்டன. அரங்கத்தின் இருக்கைகளில் இக்கருத்து கண்கூடாக விளங்குகிறது: மேடைக்கு அருகிலுள்ள பெஞ்சுகள் மழலையரின் காலளவுக்குத் தாழ்ந்தும், பின்னே செல்லச் செல்ல வளரும் உடலுக்கேற்ப உயர்ந்தும், கடைசி வரிசைகள் பெரியவர்க்கு உரிய அளவிலும் அமைந்துள்ளன. ஒரு குழந்தை ஆண்டுதோறும் ஓரிரு வரிசை பின்னுக்கு நகர்ந்து, தான் வளர்வதைத் தானே அறிகிறது.

இந்த இருக்கைகளையும் வகுப்பறை நாற்காலிகளையும் வளைத்த ஒட்டுப்பலகையால் வடிவமைத்தவர் ஈரோ சாரினன். மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு, அச்சில் அழுத்தி வளைக்கும் இந்நுட்பத்தில் அவரும் சார்லஸ் ஈம்சும் சேர்ந்து செய்த நாற்காலிகள் அதே காலத்தில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் போட்டியில் பரிசு பெற்று, இருபதாம் நூற்றாண்டின் நாற்காலி வரலாற்றையே மாற்றின. உட்சுவர்களில் பைன் மரப் பலகைகள் பதிக்கப்பட்டதால், பிள்ளைகளின் படைப்புகளைக் குத்தி வைக்கச் சுவர் முழுவதும் பயன்பட்டது. புறச்சுவர்களில், சிற்பியும் ஈரோவின் துணைவியுமான லில்லியன் ஸ்வான் சாரினன் சுட்ட மண்ணால் செய்த விலங்குச் சிற்பங்கள் ஆங்காங்கே பதிந்துள்ளன. வரிசையாக அணிவகுக்காமல், எதிர்பாராத இடத்தில் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும் அச்சிற்பங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே சிறுவர்க்கு விளையாட்டு. கம்பங்களும் வளைவுகளும் மாலைக் கொத்துகளும் சுமந்த முந்தைய பள்ளி முகப்புகளோடு ஒப்பிட்டால், இங்கே அலங்காரம் மறையவில்லை, அது குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கி வந்திருக்கிறது.

இதன் புகழைப் பேசும்போது ஓர் உண்மையை விட்டுவிடுதல் ஆகாது. வினெட்கா சிகாகோவின் செல்வர்கள் குடியேறிய ஊர். சம்பளச் சீட்டோடு வங்கி வாயிலில் நின்ற சிகாகோ ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கு இத்தகைய பள்ளி அன்று எட்டாக்கனியாகவே இருந்தது. ஒற்றைத் தளப் பள்ளிக்கு நிலம் மிகுதியாக வேண்டும். கூரையும் அடித்தளமும் புறச்சுவரும் அடுக்கு மாடியைவிட நீளும். பனிக்காலத்தில் வெப்பமூட்டும் செலவும் கூடும். நெருக்கமான நகரங்களுக்கு இதனை அப்படியே எடுத்துச் செல்ல இயலாது என்ற வாதம் அன்றும் எழுந்தது, அதில் நியாயமும் உண்டு. ஆனால் தாழ்ந்த கைப்பிடிக்கும், கைக்கெட்டும் விசைக்கும், வயதுக்கேற்ற பெஞ்சுக்கும் கூடுதல் நிலம் வேண்டியதில்லை. அவற்றுக்குத் தேவைப்பட்டது கவனம் மட்டுமே.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, குழந்தைப் பிறப்பு பெருகி, அமெரிக்க ஊர்களெங்கும் பள்ளிகள் அவசரமாகக் கட்டப்பட்டபோது, காக்கைத் தீவுப் பள்ளியே முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பெர்க்கின்ஸ், வில் இருவரின் நிறுவனம் பள்ளி வடிவமைப்பில் நாட்டின் முன்னணிக்கு வந்தது. 1953இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கார்ஸ்டேல் ஊரில் அது கட்டிய ஹீத்கோட் பள்ளி அந்தப் பாதையின் அடுத்த கட்டம். ஆனால் பெரும்பாலான இடங்களில் நகலெடுக்கப்பட்டது வெளிவடிவமே: தட்டைக் கூரையும் நீண்ட சிறகும் எளிதில் பரவின, ஏனெனில் அவை விரைவாகவும் மலிவாகவும் கட்டத்தக்கவை. வரைவதற்கு முன் வகுப்பில் அமர்ந்து பார்த்ததும், துப்புரவுப் பணியாளரைக் கேட்டதும், ஓர் ஆசிரியையின் கடிதத்தை வடிவமைப்பின் அடிப்படையாகக் கொண்டதும் அவ்வாறு பரவவில்லை. போருக்குப் பிந்தைய பல பள்ளிகள் சில பத்தாண்டுகளிலேயே சலித்துப்போய் இடிக்கப்பட்டதற்கும், அவற்றுக்கு மூலமான காக்கைத் தீவுப் பள்ளி இன்றும் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

காக்கைத் தீவுப் பள்ளியில் 1954இல் பெர்க்கின்ஸ், வில் நிறுவனம் மேலும் ஒரு சிறகைச் சேர்த்தது. அதே செங்கல், அதே உயரம், அதே வகுப்பறை முறை பின்பற்றப்பட்டதால் பழையதும் புதியதும் உறுத்தலின்றிப் பொருந்தின. காலத்தின் சோதனையில் தேறிய கட்டடங்களுக்கு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் வழங்கும் இருபத்தைந்தாண்டு விருது 1971இல் இதற்கு அளிக்கப்பட்டது. 1990இல் இது அந்நாட்டின் தேசிய வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் இதனை அருங்காட்சியகமாக்கி, கயிறு கட்டிப் பாதுகாக்க எவரும் முனையவில்லை. காக்கைத் தீவு இன்றும் வினெட்காவின் பொதுத் தொடக்கப்பள்ளியாகவே நடைபெறுகிறது. மழலையர் வகுப்புப் பிள்ளைகள் அரங்கின் முன்வரிசைச் சிறு பெஞ்சுகளில்தான் அமர்கின்றனர்.